கிராமத்துக் கொலையும் ஒரு சமையல்காரியும்: பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவலைக் கூடிப் பேச முழுமையான வழிகாட்டி

பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல் ஒன்றை வைத்துக்கொண்டு நாலு பேர் பேச உட்கார்ந்தால், அதிலுள்ள இன, வர்க்கப் பாரபட்சத்தைப் பற்றிப் பத்தாவது நிமிடத்தில் இரண்டு வாக்கியங்களில் ஒன்று வந்து விழும். "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான், விடுங்கள்" என்பது ஒன்று. "இப்படி எழுதினவரை இன்னும் எதற்குப் படிக்கிறோம்?" என்பது இன்னொன்று. இரண்டுமே கதவை இழுத்துச் சாத்துகிற வாக்கியங்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருமுறை இந்த இரண்டையும் மாறி மாறிச் சொல்லியே ஒரு மாலை முழுக்கப் போயிற்று. உருப்படியாக நடந்தது பஜ்ஜி தீர்ந்தது மட்டும்தான்.

அதற்கப்புறம் தட்டுத்தடுமாறி நாங்கள் வந்து சேர்ந்த முறையை இங்கே எழுதுகிறேன். கொலைக்கதையில் தப்பெண்ணத்துக்கு ஒரு வேலை உண்டு. வாசகர் யாரைச் சந்தேகிப்பார், யாரைக் கண்டுகொள்ளாமல் விடுவார் என்று எழுத்தாளர் கணக்குப் போட்டுத்தான் தடயத்தை ஒளித்து வைக்கிறார். அந்தக் கணக்கு நம்மிடம் பலித்ததா என்று கேட்க ஆரம்பித்தால் பேச்சு தானாக நகரும். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

1. எந்தப் புத்தகம், எந்தப் பதிப்பு

அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். 1950-ல் வந்தது. இதில் துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்பிள். அவர் வரும் முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்', அது 1930. அந்த இருபது வருட இடைவெளிக்குள் ஒரு உலகப்போர் முடிந்துவிட்டது. 1930 கிராமத்தில் யாருக்கு எந்த நாற்காலி என்பது எல்லாருக்கும் தெரியும். 1950 கிராமத்தில் நாற்காலிகள் கலைந்து கிடக்கின்றன. பழைய மனோபாவம் புதிய நிலைமையோடு மோதுகிற இடத்தில்தான் பேச விஷயம் கிடைக்கும்.

கதையின் தொடக்கம் மட்டும் சொல்கிறேன். சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற கிராமத்தின் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வருகிறது: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை, மாலை 6.30 மணிக்கு, 'லிட்டில் பாடக்ஸ்' என்ற வீட்டில் ஒரு கொலை நடக்கும், நண்பர்கள் இதையே அழைப்பாக ஏற்கவும். ஏதோ விளையாட்டு என்று நினைத்து ஊரே கிளம்பிப் போகிறது. விளக்கு அணைகிறது, துப்பாக்கி வெடிக்கிறது.

எல்லாரும் கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும். இதில் மட்டும் கறாராக இருங்கள். ஒரு பாத்திரத்தைப் புத்தகம் எப்படி நடத்தியது என்பது முடிவு தெரியாமல் பிடிபடாது. தவிர, பாதியில் நிற்பவருக்காக மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதும் கொடுமை.

அடுத்தது பதிப்பு. கிறிஸ்டியின் புத்தகங்கள் பல முறை திருத்தப்பட்டவை. 1939-ல் வந்த ஒரு நாவலின் தலைப்பிலேயே கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் இருந்தது. அமெரிக்காவில் மறு வருடமே வேறு தலைப்பில் வெளியிட்டார்கள், பிரிட்டனில் அந்தச் சொல் 1980கள் வரை நீடித்தது. போருக்குப் பிந்தைய அமெரிக்கப் பதிப்புகளில் யூதர்களைப் பற்றிய வரிகள் சில எடுக்கப்பட்டன. சில நாவல்களின் புதிய பதிப்புகளில் இனம், உடலமைப்பு பற்றிய வரிகளை நீக்கியோ மாற்றியோ இருக்கிறார்கள் என்று 2023-ல் பெரிய சர்ச்சை எழுந்தது. ஆகவே பழைய புத்தகக் கடையில் வாங்கியது ஒருவரிடமும் புதிய பதிப்பு இன்னொருவரிடமும் இருந்தால் நல்லதுதான். சந்தேகம் வருகிற பக்கத்தை இரண்டிலும் வாசித்துப் பாருங்கள். ஒரு வரியைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வரி எல்லார் கையிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது மரியாதை.

2. பென்சிலோடு இரண்டாம் முறை

முதல் முறை சும்மா படியுங்கள், கொலையாளியைத் தேடுங்கள், ஏமாறுங்கள். இரண்டாம் முறைதான் பென்சில் தேவை. கோபம் வந்த இடத்தை விட்டுவிட்டு, முதல் முறை சிரித்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கோபம் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் வரும், அதைக் குறிக்கப் பெரிய கவனம் வேண்டியதில்லை. சிரிப்பு அப்படி இல்லை. 'இதற்கு நான் ஏன் சிரித்தேன்?' என்று மறுபடி அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போது, எழுத்தாளரின் தோளோடு தோள் நின்று நாமும் யாரையோ பார்த்துச் சிரித்திருப்பது தெரியும்.

3. பேப்பர் போடும் பையனின் பின்னால் போங்கள்

கூட்டத்தை முதல் அத்தியாயத்திலிருந்தே தொடங்குங்கள். ஜானி பட் என்ற பையன் காலையில் சைக்கிளில் வீடு வீடாகச் செய்தித்தாள் போடுகிறான். கர்னல் ஈஸ்டர்புரூக் வீட்டுக்கு 'தி டைம்ஸ்', கூடவே 'டெய்லி கிராஃபிக்'. திருமதி ஸ்வெட்டன்ஹாம் வீட்டுக்கும் 'தி டைம்ஸ்', ஆனால் மகன் எட்மண்டுக்காக 'டெய்லி வொர்க்கர்' என்ற கம்யூனிஸ்ட் பத்திரிகை. மிஸ் ஹின்ச்கிளிஃபும் மிஸ் மர்கட்ராய்டும் சேர்ந்து வாழும் வீட்டுக்கு 'டெய்லி டெலிகிராஃப்', 'நியூஸ் கிரானிக்கிள்'. இரண்டு பக்கத்தில் ஊரின் வர்க்க வரைபடம் முடிந்துவிடுகிறது, உபதேசம் ஒரு வரி கிடையாது. கிறிஸ்டிக்குக் கைத்திறன் இல்லை என்பவர்களுக்கு நான் காட்டும் முதல் பக்கம் இது.

எந்த வீடுகள் இந்த வரைபடத்தில் இல்லை என்று கேளுங்கள். வயலில் வேலை செய்பவர் வீட்டுக்கு என்ன பத்திரிகை? ஜானி பட்டின் வீட்டுக்கு? கிராமம் என்று புத்தகம் சொல்வது கிராமத்தில் கொஞ்சம் பேரைத்தான் என்பது அரைமணி நேரப் பிரசங்கம் இல்லாமலே எல்லாருக்கும் பட்டுவிடும்.

4. பத்தே நிமிடம் வரலாறு

ஒருவர் மட்டும் தயார் செய்துகொண்டு வரட்டும். அவருக்குத் தேவையான குறிப்புகள் இவை.

1931 கணக்கெடுப்பின்போது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13 லட்சம் பெண்கள் வீட்டு வேலையில் இருந்தார்கள். போரில் அவர்கள் ஆலைகளுக்கும் ராணுவத்துக்கும் போனார்கள். முடிந்தபின் பலர் திரும்பவில்லை. நாவல்களில் வரும் "நல்ல வேலையாள் கிடைப்பதே இல்லை" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இதுதான். புலம்புகிறவர் பக்கம் மட்டுமே நமக்குக் கேட்கும்.

வெளிநாட்டுப் பெண்கள் இந்த வேலைக்கு வரத் தொடங்கியது போருக்கு முன்பே. நாஜிகளிடமிருந்து தப்ப, 1938, 1939 வாக்கில் சுமார் 20,000 பேர் வீட்டு வேலைக்கான விசாவில் பிரிட்டனுக்கு வந்தார்கள். பெரும்பாலும் யூதப் பெண்கள். சொந்த வீட்டில் வேலைக்காரர் வைத்திருந்தவர்களும் அவர்களில் உண்டு. போர் முடிந்ததும் ஜெர்மனியின் அகதி முகாம்களிலிருந்து ஆள் எடுத்தார்கள். 1946-ல் பால்டிக் நாட்டுப் பெண்களைக் காசநோய் மருத்துவமனைகளுக்கு வேலைக்குக் கொண்டுவந்த திட்டத்துக்கு 'பால்ட் சிக்னெட்' என்று பெயர். சிக்னெட் என்றால் அன்னக்குஞ்சு. பெயர் வைத்த அதிகாரிக்கு என்ன மனநிலையோ.

அப்புறம் ரேஷன். 1940 ஜனவரியில் தொடங்கியது 1954 வரை முழுதாக முடியவில்லை. நாவல் வந்த வருடத்தில் வெண்ணெய், சர்க்கரை, இறைச்சி, தேயிலை எல்லாமே அளந்துதான். இந்தக் கிராமத்தின் கௌரவமான குடும்பங்கள் பூட்டாத பக்கவாசல் வழியாக ஒருவர் வீட்டில் ஒருவர் வெண்ணெயும் காய்கறியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். சட்டப்படி குற்றம், போலீசிடம் மழுப்புகிறார்கள். புத்தகம் இதை வெகு செல்லமாகச் சொல்கிறது. இதை மனதில் வையுங்கள், உடனே தேவைப்படும்.

கடைசியாக அடையாள அட்டை. 1939 முதல் 1952 வரை எல்லாருக்கும் இருந்தது. சாதாரண ஆட்களின் அட்டையில் புகைப்படம் கிடையாது.

5. மிட்ஸி: மூன்று கேள்விகள்

கூட்டத்தின் பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். லிட்டில் பாடக்ஸில் மிஸ் பிளாக்லாக்கின் வீட்டில் சமைப்பவள் மிட்ஸி. மத்திய ஐரோப்பாவிலிருந்து வந்த அகதி. எந்த நாடு என்று புத்தகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், அந்தத் தேடலே ஒரு பயிற்சி. அவள் அலறுகிறாள், கோபிக்கிறாள், வேலையை விட்டுப் போவதாக மிரட்டுகிறாள், பொய் சொல்கிறாள். விசாரிக்க வரும் போலீஸ்காரர் தன்னைச் சித்திரவதை செய்வார் என்று நடுங்குகிறாள். இவ்வளவும் நகைச்சுவையாக எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு மிட்ஸி காட்சிக்கும் மூன்று கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள். முதலில், இதைச் சொல்வது யார்? பாத்திரமா, கதை சொல்லும் குரலா? இரண்டாவது, புத்தகம் அதற்குத் தலையாட்டுகிறதா, இல்லை எங்காவது மறுத்துப் பேசுகிறதா? மூன்றாவது, இந்த மனோபாவத்தை எடுத்துவிட்டால் கதை நிற்குமா?

உதாரணத்துக்கு மிஸ் பிளாக்லாக் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் மிட்ஸியைப் பற்றிப் பேசும் இடம். அவள் பொய் சொல்பவள் என்பதற்காக அவளை முன்முடிவோடு பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். கதைகள் ஊதிப் பெருத்துவிட்டாலும், உறவினர் ஒருவராவது கொல்லப்படுவதை அவள் நேரில் பார்த்திருக்கிறாள் என்கிறார். அதே மூச்சில், இந்த மாதிரி அகதிகள் தங்கள் மேல் நமக்கு இரக்கம் வருவதே பட்ட கொடுமையின் அளவைப் பொறுத்துத்தான் என்று உணர்கிறார்கள், அதனால் கூட்டிச் சொல்கிறார்கள் என்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் எளிது, பேசுவது பாத்திரம். இரண்டாவதில் கூட்டம் இரண்டாகப் பிரியும், பிரியட்டும். எங்களில் ஒருவர் இது 1950-க்கு அசாத்தியமான புரிதல் என்றார். அகதி எந்த விலைக்குத் தன் துயரத்தை விற்க வேண்டியிருக்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாக யார் சொன்னார்கள் என்று கேட்டார். இன்னொருவர், துல்லியம் சரி, ஆனால் கொடுமையைக் கணக்குப் பார்த்து வாங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று திருப்பினார். எனக்கு இருவர் சொன்னதும் சரியென்றே படுகிறது. வரி புத்திசாலித்தனமானது, இரக்கம் குறைந்தது.

மூன்றாவது கேள்வி ரேஷன் விஷயத்தை இழுத்து வரும். வெண்ணெய் பண்டமாற்றை மறைத்துப் பொய் சொன்ன மரியாதைக்காரர்களை முதல் வாசிப்பில் எத்தனை பேர் பொய்யர்கள் என்று நினைத்தீர்கள்? மிட்ஸியின் ஒவ்வொரு வார்த்தையையும் எத்தனை பேர் கழித்துக்கட்டினீர்கள்? கைதூக்கச் சொல்லுங்கள். எழுத்தாளர் போட்ட கணக்கு நம்மிடம் எப்படிப் பலித்தது என்பது அறையிலேயே தெரியும். கடைசி அத்தியாயங்களில் மிட்ஸிக்கு ஒரு துணிச்சலான வேலை கொடுக்கப்படுகிறது. அது அவளுக்குச் செய்த நியாயமா, அவளுடைய பெயரையே பகடையாகப் பயன்படுத்தியதா என்பதை முடித்தவர்கள் பேசிக்கொள்ளட்டும், நான் வாயைத் திறக்கவில்லை.

6. இரண்டு பேரின் கண்ணீர்

அதே வீட்டில் டோரா பன்னர் என்ற இன்னொரு பெண் அண்டி வாழ்கிறார். மிஸ் பிளாக்லாக்கின் பள்ளித் தோழி. வயதாகி, வேலை கிடைக்காமல், தனியாகக் கஷ்டப்பட்டு, கடைசியில் பழைய தோழியிடம் வந்து சேர்ந்தவர். பசியைப் பற்றி அவர் பேசும் ஒரு பத்தி இருக்கிறது. சாப்பாட்டைவிட மேசையில் பூ இருப்பதே மேல் என்பவர்கள் எத்தனை வேளை பட்டினி கிடந்திருப்பார்கள் என்று கேட்கிறார். ரொட்டி, இறைச்சிப் பசை, மேலே தடவ ஒரு துளி மார்ஜரின், தினமும் அதுவே. கிழிந்ததைத் தைத்துப் போட்டுக்கொண்டு, தையல் வெளியே தெரியக் கூடாதே என்ற கவலை. கிறிஸ்டி எழுதியவற்றில் என்னை உலுக்கிய பத்திகளில் இது ஒன்று.

இந்தப் பத்தியையும் மிட்ஸி அழும் ஒரு பத்தியையும் அடுத்தடுத்து வாய்விட்டு வாசியுங்கள். இரண்டு பெண்கள், இருவரும் எல்லாம் இழந்தவர்கள், ஒரே கூரை. ஒருவரின் அழுகையில் நாமும் கரைகிறோம், இன்னொருவரின் அழுகையில் சிரிக்கிறோம். இங்கே வெளிப்படையான வசைச்சொல் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். பதிப்பாசிரியர் சிவப்பு மை கொண்டு எதையும் அடிக்க முடியாது, ஏனென்றால் பாரபட்சம் சொல்லில் இல்லாமல் வாக்கியத்தின் தாளத்தில் இருக்கிறது. திருத்திய பதிப்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும், திருத்தினால் எல்லாம் போயிற்று என்பவர்களுக்கும் சேர்த்து இந்த இரண்டு பத்திகள்.

7. தமிழில் சொல்லிப் பாருங்கள்

மிட்ஸியும் மிஸ் பிளாக்லாக்கும் பேசும் ஒரு காட்சியை யாராவது ஒருவர் அங்கேயே தமிழில் சொல்லட்டும். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. தமிழில் அந்த வசதி கிடையாது. எஜமானி மிட்ஸியை நீ என்பாரா, நீங்கள் என்பாரா? பதிலுக்கு மிட்ஸி 'அம்மா' போடுவாளா? இன்ஸ்பெக்டர் அவளை 'வாம்மா' என்பாரா, 'வாங்க' என்பாரா? ஆங்கில மூலம் மறைத்து வைத்ததைத் தமிழ் வினைமுற்று வெளியே இழுத்துப் போடும். அந்த இடத்தில் கிறிஸ்டியைக் கை காட்ட முடியாது, விகுதியைத் தேர்ந்தெடுத்தது நாம்.

இவ்வளவு தூரம் வந்தவர்கள் கவனித்திருப்பீர்களோ என்னவோ, நானே மிஸ் பிளாக்லாக்கை 'அவர்' என்றும், டோரா பன்னரை 'அவர்' என்றும், மிட்ஸியை 'அவள்' என்றும்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். தலைப்பில் 'சமையல்காரி'. முதல் கூட்டத்தில் பேசியபோதும் அப்படித்தான் வந்தது, யாரும் திருத்தவில்லை. இனி 'அவர்'.

8. மிஸ் மார்பிளையும் விட்டுவிடாதீர்கள்

வயதான, கல்யாணமாகாத, பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்த அலட்சியம்தான் அவருடைய ஆயுதம் என்று எல்லாரும் ரசிப்போம், சரி. அவர் முறையையும் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். புதிதாக ஒருவரைப் பார்த்தால் ஊரில் தெரிந்த யாரோ ஒருவரை அவருக்கு ஞாபகம் வரும். இந்த நாவலில் மீன்கடை ஃபிரெட் டைலர் வருகிறார், பில்லில் ஷில்லிங் வரிசையில் கூடுதலாக ஒரு ஒன்றைச் செருகிவிடுபவர். மனிதர்களை அச்சு அச்சாகப் பிரித்து வைத்துக்கொண்டு பொருத்துகிறார். அது அனுபவ ஞானமா, பலித்துவிட்ட தப்பெண்ணமா? அவருடைய உதாரணங்களில் சில்லறை திருடுபவர்கள் எந்த வகுப்பு என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

கூடவே, கிராமம் மாறிவிட்டது என்று அவர் கிராடக்கிடம் சொல்லும் பகுதி. முன்பெல்லாம் புதிதாகக் குடிவருபவர் யாரென்று ஊருக்குத் தெரியும், தெரிந்தவர் கடிதம் கொடுத்து அனுப்பியிருப்பார். இப்போது அவரவர் தன்னைப் பற்றிச் சொல்வதுதான் ஆதாரம். மேலே சொன்ன படமில்லாத அட்டை நினைவிருக்கட்டும். பழைய ஒழுங்குக்கான ஏக்கம் இந்தப் பேச்சில் நிறைய இருக்கிறது. நாவலின் புதிர் முழுக்க அந்த ஒழுங்கு உடைந்ததால் மட்டுமே சாத்தியமாகிறது என்பதும் உண்மை.

9. நேரம் மிஞ்சினால்

கர்னல் ஈஸ்டர்புரூக் இந்தியாவிலிருந்து திரும்பியவர், எல்லாம் தெரிந்தவர் போலப் பேசுபவர். நாம் விடுதலை வாங்கி மூன்றே வருடத்தில் வந்த நாவல் என்பதால் நம்மவர்களுக்கு இங்கே கை துறுதுறுக்கும். புத்தகமே அவரைக் கேலி செய்கிறது. ஆனால் கேலி அவருடைய ஆட்சியைப் பற்றியதா, அசட்டுத்தனத்தைப் பற்றியது மட்டும்தானா என்று கேட்டுவிட்டு மேலே போகலாம்.

ஹின்ச்கிளிஃப், மர்கட்ராய்ட் பற்றி நின்று பேசுங்கள். இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள், ஊர் அதை ஒரு சொல்லாலும் குறிப்பிடுவதில்லை, ஏற்றுக்கொள்கிறது. இங்கிலாந்தில் ஆண்களுக்கு இடையிலான உறவு 1967 வரை சட்டப்படி குற்றமாக இருந்த காலம், பெண்களைச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. பெயர் வைக்காத அந்த மௌனம் பெருந்தன்மையா, பார்க்க மறுப்பதா? பழைய புத்தகம் என்றாலே எல்லா விஷயத்திலும் பின்தங்கியிருக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே கொஞ்சம் திணறுவார்கள்.

10. அறையை நடத்துவது

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு மணி நேரம் போதும். வசைச்சொல் உள்ள வரியைச் சத்தமாக வாசிக்கத் தேவையில்லை, பக்க எண் சொல்லுங்கள், அவரவர் பார்த்துக்கொள்வார்கள். அகதியாக இருந்தவரோ, வீட்டு வேலை செய்தவரின் பிள்ளையோ கூட்டத்தில் இருந்தால் "நீங்கள்தான் சொல்லணும்" என்று அவர் பக்கம் திரும்பாதீர்கள். அவரும் கொலையாளியைக் கண்டுபிடிக்கத்தான் புத்தகத்தை வாங்கியிருப்பார்.

கிறிஸ்டியின் தீவிர ரசிகர் ஒருவர் நிச்சயம் இருப்பார், ஒவ்வொரு கேள்வியையும் தன் பாட்டியைத் திட்டியது போல எடுத்துக்கொள்வார். அவரிடமே கேளுங்கள், தடயம் எங்கே இருந்தது, ஏன் நம் கண்ணில் படவில்லை என்று. அவரைவிட நன்றாக யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லி முடிக்கும்போது பாரபட்சத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது கூட்டம் வைப்பதாக இருந்தால் 1930 நாவலைப் படித்துவிட்டு வாருங்கள். பாதிரியார் வீட்டு வேலைக்காரர் மேரிக்குச் சமையலும் வராது, பணிவும் வராது. பாதிரியாரின் இளம் மனைவி கிரிசெல்டாவுக்கு அதில் ஒரு நிம்மதி: மேரிக்குச் சமைக்கத் தெரியாதவரை வேறு யாரும் அவரைக் கொத்திக்கொண்டு போக மாட்டார்கள். நான் நன்றாகவே சிரித்த இடம், பென்சில் குறியும் இருக்கிறது.

11. கேக்

சாப்பிட ஏதாவது வேண்டும் என்றால் சாக்லேட் கேக் வாங்கி வையுங்கள். டோரா பன்னரின் பிறந்தநாளுக்கு மிட்ஸி ஒரு கேக் செய்கிறார். ரேஷன் காலத்தில் கிடைத்தற்கரிய வெண்ணெயும் சாக்லேட்டும் உலர்ந்த திராட்சையும் போட்டுச் செய்தது. இந்த ஆங்கிலேயர்களின் கேக்குகள் மண் போல இருக்கும், இப்படி ஒன்றை அவர்கள் வாழ்நாளில் ருசித்திருக்க மாட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். திடீரென்று முகம் சுருங்குகிறது. அந்த வீட்டில் தங்கியிருக்கும் பேட்ரிக் என்ற இளைஞன் அதற்கு 'ருசியான மரணம்' என்று கிண்டலாகப் பெயர் வைத்துவிட்டான். என் கேக்கை அப்படிக் கூப்பிட விடமாட்டேன் என்று பொங்குகிறார்.

நாவலின் ரசிகர்கள் இன்றும் அந்தக் கேக்கைச் செய்து பார்க்கிறார்கள். பேட்ரிக் வைத்த பெயரில்தான்.